தொண்டமான் 1978இல் அமைச்சரவைக்குப் போனது சரியா?

பிரட்டுக்களம்:
சௌமியமூர்த்தி தொண்டமான் என்றாலே "மலையகத்துக்குக் குடியுரிமை வாங்கித் தந்தவர்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். தொழிற்சங்கத் தலைவராக அவர் என்ன ஆனார்? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆகின. அதன்பின் ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்கள்தான் முதலாளி. 1978இல் அவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அதாவது சம்பளம் கேட்கும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) தலைவர், சம்பளம் கொடுக்கும் அரசின் அமைச்சரவையிலும் இருந்தார். இதை எப்படி ஏற்பது?

மஸ்கெலியா வாக்கு:
வாக்கில்லாத தொழிலாளிக்குச் சங்கம் மட்டும் இருந்து என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். 1947இல் நுவரெலியாவில் வென்றவர் அவர். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் வந்தன. 1952 தேர்தலில் தோட்ட மக்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. 140 நாள் சத்தியாக்கிரகத்துக்கும் அரசு அசையவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அப்போது தொண்டமான் சபையில் இருந்தார், ஆனால் நியமன உறுப்பினராக. தொகுதி இல்லாதவரின் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு மூன்று வாக்கு; மூன்றையும் ஒரே ஆளுக்குப் போடலாம். அந்த ஏற்பாடு இருந்ததால்தான் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக அவர் வந்தார். 168 பேர் சபையில் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐ.தே.க.) 140. எதிரணியில் தனியாக உட்கார்ந்து எதைச் சாதித்திருப்பார்?

பிரட்டுக்களம்:
1984 ஏப்ரலைச் சொல்லுங்கள். அமைச்சராகி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியும் சம்பளப் பிரச்சினை அமைச்சரவையில் தீரவில்லை, வேலைநிறுத்தம்தான் தீர்த்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் அந்த வருடம் வந்தது. காலமும் சரியாக அமைந்தது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏறத்தாழ ஏழு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். தவறினால் இலை முற்றி, தூளின் தரம் விழும். ஏப்ரல் மழையோடு கொழுந்து பெருகும். அந்த வருடம் உலகச் சந்தையில் தேயிலை விலையும் உச்சத்தில் இருந்தது. அரசை இறங்க வைத்தது தொழிலாளியின் கை. பதவிக்கு அதில் என்ன பங்கு?

மஸ்கெலியா வாக்கு:
அந்த வேலைநிறுத்தத்தில் இறங்கிய சங்கத்தின் தலைவர் அமைச்சராகவே இருந்தாரே! ஜே.ஆரால் அவரை வெளியே அனுப்ப முடியவில்லை. வடக்கில் போர், மலையகமும் சேர்ந்து கொதித்தால் தாங்காது என்று அவருக்குத் தெரியும். அந்த நெருக்கடியைத் தொண்டமான் பயன்படுத்தினார். 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்துக்கு வேலைநிறுத்தம் என்று பெயர் வைக்கவில்லை. அதே வருடம் 5ஆம் இலக்கச் சட்டம், 94,000 பேருக்குக் குடியுரிமை.

சட்டக்கோப்பு:
நடைமுறை பற்றி ஒன்று. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து பத்து வருடம், மணமானவர் என்றால் ஏழு வருடம், இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவரிடம் பிறப்புப் பதிவே இருக்காது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விண்ணப்பித்தும் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டத்தில் சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) போதும் என்றானது. ஆதாரச் சுமையைத் தொழிலாளியின் தலையிலிருந்து இறக்கிய மாற்றம் இது. சட்டவரைவு நடக்கும் இடத்தில் ஆள் இல்லாமல் இது வந்திருக்காது.

பிரட்டுக்களம்:
குடியுரிமையில் அவர் பங்கை நான் மறுக்கவே இல்லை. சங்கத்தைத்தான் கேட்கிறேன். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் அவர் அமைச்சர். 1994இல் ஐ.தே.க. பட்டியலில் நின்று, பிறகு சந்திரிகா அரசிலும் அமைச்சர். எந்த அரசு வந்தாலும் தலைவருக்கு அமைச்சு என்று பழகிவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில், துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) நியாயம் கேட்ட காலம் போய், சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்திலிருந்து தொலைபேசி வரட்டும் என்று காத்திருக்கும் காலம் வந்தது. சந்தா மட்டும் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) தவறாமல் கழிந்துவந்தது.

மஸ்கெலியா வாக்கு:
225 ஆசனங்களில் 105 மட்டுமே வைத்திருந்த அரசு சந்திரிகாவுடையது. ஆதரவுக்கு ஈடாகத் தோட்ட உட்கட்டமைப்புக்கென்று ஓர் அமைச்சு வாங்கினார். வீடு, பாதை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் துரையையே நம்பியிருந்த மக்களுக்கு அது சின்ன விஷயமா? 1999இல் அவர் இறந்தபின் நடந்ததை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

பிரட்டுக்களம்:
எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் தலைமையும் அமைச்சும் ஒரே கையில் என்ற முறை அவர் வைத்தது. தோட்டக் கம்பனிகளோடு சங்கங்கள் செய்த 2013 சம்பளக் கூட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். நாட்சம்பளம் 620 ரூபா என்றார்கள். அடிப்படை 450, வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. வேலை நாளில் 75 வீதம் வராவிட்டால் 140 போய்விடும். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், இரண்டும் 450க்கு மட்டும். விடுபட்ட 170 ரூபாவில் நாளுக்கு 25.50; மாதம் 25 நாள் என்றால் 637.50 ரூபா தொழிலாளியின் ஓய்வுக்கால நிதியில் சேரவில்லை. கையெழுத்திட்ட சங்கங்களில் இ.தொ.கா. முதன்மையானது. அமைச்சு கேட்டு நிற்காத ஒரு சங்கம் இந்தப் பிரிப்புக்கு ஒப்புக்கொண்டிருக்குமா? இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள் ஐயா.