லோவெல் ஆலைப் பெண்களின் பத்து மணி நேர இயக்கம் தோல்வியா?

வினா:
அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரின் பருத்தி ஆலைகளில் உழைத்த பெண்கள், வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கக் கோரி மாநிலச் சட்டமன்றத்திற்கு விண்ணப்பித்தார்கள். 1845-இல் அதை விசாரித்த குழு, சட்டம் தேவையில்லை என்று கைவிரித்துவிட்டது. வாக்குரிமையே இல்லாதவர்கள் வேலைநிறுத்தத்தை விட்டு விண்ணப்பத்தை நம்பியது ஏன்? அந்த இயக்கத்தைத் தோல்வி என்றே கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1:
வேலைநிறுத்தத்தை அவர்கள் முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வெளியேறியது சில நாட்களில் அடங்கிப்போயிற்று. 1836-இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து நடந்தது அதைவிடப் பெரியது, ஓரளவு பலனும் தந்தது. ஆயினும் தங்கியிருந்த விடுதியே கம்பெனியுடையது என்பதால், வேலையை விட்டவருக்கு இருப்பிடமும் போய்விடும். வாக்கில்லாதவரும் அரசிடம் நேரடியாக முறையிடத் திறந்திருந்த வழி விண்ணப்பம்தான்.

மறுமொழி 2:
விசாரணையில் பதிவான சாட்சியங்களைப் படித்தால் விடை இன்னும் தெளிவாகும். லோவெல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர் சாரா பேக்லி, உடல்நலம் கெடுவதோடு அறிவை வளர்த்துக்கொள்ளவும் நேரமில்லை என்றார். எலிசா ஹெமிங்வே, தாம் வேலை செய்த கூடத்தில் குளிர்காலக் காலையிலும் மாலையிலும் 293 சிறிய விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிந்ததாகச் சொன்னார். அத்தனை விளக்குகளின் புகையையும் சுவாசித்துக்கொண்டுதான் அவர்கள் தறிகளுக்கு நடுவே நின்றார்கள். குழு குறைகளை மறுக்கவில்லை. ஆனால், மற்ற மாநில ஆலைகளோடு போட்டியிட முடியாது, வேலை நேரத்தைத் தொழிலாளரே முதலாளியோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காரணம் காட்டியது. இந்த இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் கொடுமையாகப் படுகிறது. விடுதியும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது, தனியொரு பெண் எதை வைத்துப் பேரம் பேசுவாள்? குழுத் தலைவர் வில்லியம் ஷூலரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கும்படி அந்தச் சங்கம் பிரசாரம் செய்தது, அவர் தோற்றார். இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 3:
நண்பரின் கருத்தை ஏற்கிறேன், ஆனால் சட்டங்களையும் கவனியுங்கள். 1847-இல் அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் பத்து மணி நேரச் சட்டம் இயற்றியது; எனினும் தனி ஒப்பந்தத்தின் பேரில் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம் என்று விலக்கு வைத்ததால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் வேலை என்று ஆலைகள் வற்புறுத்தின. மாசசூசெட்ஸில் 1874-இல்தான் சட்டம் வந்தது, அதுவும் பெண்களுக்கும் சிறாருக்கும் மட்டுமே.