பழைய எஞ்சினுக்கு சிங்க் போத்தல் தேவையா?

அட்டன் மைனர்:
அப்பாவின் 1959 மொரிஸ் மைனர், 948 சி.சி. மூன்று வருடமாக 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஒயில்தான் ஊற்றினேன். போன மாதம் டெப்பட் (வால்வைத் திறக்க கேம் தள்ளும் சிறு உருளை) சத்தம் அடங்கவே இல்லை. வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி தட்டுகிறது. பக்கத்து மூடியைக் கழற்றி டெப்பட்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டின் அடி குழிந்து, கேமின் மூக்கும் மழுங்கிவிட்டது. இப்போதைய ஒயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் சிங்க் குறைவு, அதுதான் காரணம். பழைய வாகனம் வைத்திருக்கும் எல்லோரும் ஒயிலோடு கலக்கும் சிங்க் போத்தல் வாங்கி ஊற்றுங்கள்.

பண்டாரவளை பாஸ்:
தம்பி, பழி முழுவதையும் சிங்க் மேல் போடாதீர்கள். சிங்கோடு சேர்ந்தே வரும் பொஸ்பரசுக்கு உச்சவரம்பு 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களுக்குத்தான். தடித்த 20டபிள்யூ-50க்கு அது கிடையாது. உங்கள் எஞ்சினுக்கு மெல்லிய ஒயிலை விட்டதே முதல் பிழை. அடுத்தது, குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெற்றோலைக் கூட்டிவிடும் சோக். அட்டன் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு வெகுநேரம் ஓடவிட்டால், எரியாத பெற்றோல் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள்.

அட்டன் மைனர்:
பெற்றோல் மணக்கிறது அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமும் டெப்பட்டும் உரசும் இடத்தில் எவ்வளவு தடித்த ஒயிலும் பிதுங்கிப் போய்விடுமே. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சிங்க்-பொஸ்பரஸ் சேர்மம் சிதைந்து, கண்ணாடி போல ஒரு பொஸ்பேற் பூச்சாகப் படிகிறது. இரும்புக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது. 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்ற ஒயில் தரத்தில் மெல்லிய ஒயில்களுக்குப் பொஸ்பரசை 0.08 வீதத்துக்குக் குறைத்தார்கள். புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடாமலிருக்கத்தான் அது. என் காரில் கன்வர்ட்டரே இல்லை!

நானுஓயா லேண்ட் ரோவர்:
"எல்லோரும்" என்று எழுதாதீர்கள். என் 2.25 லீற்றர் எஞ்சினில் கேம் மேல் உரசும் டெப்பட் இல்லை, உருள்வது ரோலர். அதற்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

பண்டாரவளை பாஸ்:
அதுதான். 5டபிள்யூ-30 வேண்டாம் என்பதில் தம்பியும் நானும் ஒன்றுதான், போத்தலில்தான் பிரச்சினை. ஒயிலில் இருக்கும், அழுக்கை நீக்கும் டிடர்ஜன்டும் சிங்கும் ஒரே இரும்பு மேற்பரப்புக்குப் போட்டி போடும். அதனால் அளவு பார்த்துத்தான் கலக்கிறார்கள். அதற்கு மேல் போத்தலை ஊற்றினால் மொத்தம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. மிஞ்சினால் அதுவே இரும்பை அரிக்கும். தேய்ந்த கேமை எந்தப் போத்தலும் சரியாக்காது. கேமையும் டெப்பட்களையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய டெப்பட் புதுக் கேமைத் தின்றுவிடும்.

அட்டன் மைனர்:
இரண்டையும் மாற்றுகிறேன். ஆனால் ரன்னிங்-இன் (புதுப் பாகங்களைப் பழக்கும் முதல் ஓட்டம்) செய்யும்போது சிங்க் கூடிய ஒயில்தான் ஊற்றுவேன்.

பண்டாரவளை பாஸ்:
அதை நானும் சொல்வேன். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள், கேமுக்குத் தெறிக்கும் ஒயில் போதாது. 2000 ஆர்.பி.எம்.க்கு மேல் 20 நிமிடம் ஓடட்டும். அப்புறம் வடித்துவிட்டு வெறும் 20டபிள்யூ-50.

அட்டன் மைனர்:
ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறும் காருக்கு வெறும் ஒயில் போதும் என்று இன்னும் மனம் ஒப்பவில்லை அண்ணே. சரி, முதல் தடவை நீங்கள் சொன்னபடியே ஊற்றுகிறேன். அடுத்த ஒயில் மாற்றத்தின்போது டெப்பட்டைக் கழற்றி, அதன் அடியைப் படமெடுத்து இங்கேயே போடுகிறேன்.