அப்பாவின் பெர்மிட் காணி மூத்த மகளுக்கா, மகனுக்கா?

வளவுக்காரி, மத்தியமுகாம்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு மத்தியமுகாம் பக்கம் கொலனிக் காணி, அதாவது அரசாங்கம் குடியேற்றத்தில் கொடுத்த காணி இருக்கிறது. மூன்று ஏக்கர் வயலும் வீடு நிற்கிற வளவும். உறுதிக் காணி (சொந்தப் பத்திரம் உள்ள காணி) இல்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் (அனுமதிப்பத்திரம்). அம்மா முதலே காலமாகிவிட்டா. அப்பா 2024 ஆவணியில் போனார். பின்னுரித்து, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பது, எதுவும் கந்தோரில் பதியவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், அடுத்தது தம்பி, கடைசி தங்கச்சி. கலியாணம் முடித்த நாளிலிருந்து நானும் இவரும் இந்த வளவில்தான். அப்பா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் நாங்களே செய்கிறோம். இப்போது தம்பி ஒரு கடிதம் கொண்டுவந்து காட்டுகிறான். காணி மகனுக்கு என்று ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் அப்பா கையெழுத்து வைத்தாராம். அலுவலகம் ஒன்றில் கேட்டால், ‘பெர்மிட் காணி மூத்த ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான், அக்கா’ என்று அனுப்பிவிட்டார்கள்.

நம்முடைய பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு. தம்பியும் மனைவியின் சீதன வீட்டில்தான் இருக்கிறான். அப்படியிருக்க, அரசாங்கக் காணியில் மட்டும் ஏன் எல்லாம் தலைகீழ்? தம்பியோடு கோபிக்க எனக்கு விருப்பமில்லை. சட்டம் என்னவென்று அறியாமல் எழும்பிப் போகவும் மனம் வரவில்லை.

கல்லடிப் பொடியன்:
அக்கா, தேசவழமைப்படி எல்லாருக்கும் சம பங்குதானே? மூன்றாகப் பிரித்தால் பிரச்சினை முடிந்தது.

ஓய்வுபெற்ற கந்தோர்க்காரர்:
தம்பி, தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்குரிய சட்டம், மட்டக்களப்பு அம்பாறைத் தமிழருக்கு இல்லை. அதைவிட, பெர்மிட் காணிக்குப் பொதுவான முதுசச் சட்டம் எதுவுமே பொருந்தாது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்ளேயே அதற்கென்று தனி ஒழுங்கு இருக்கிறது.

மகள், உங்களுக்குச் சொன்னது பழைய ஒழுங்கு. பின்னுரித்துப் பதியாமல் ஒருவர் இறந்து, அவருடைய துணையும் இல்லையென்றால், எந்த உறவினருக்குக் காணி போகும் என்ற வரிசை உள்ள, அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்ப்பார்கள். அதில் முதலில் ஆண்மக்கள், அவர்களுக்குப் பிறகுதான் பெண்மக்கள் என்று இருந்தது. எத்தனையோ மூத்த பெண்பிள்ளைகள் தாங்கள் பாடுபட்ட வயலைத் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டு நின்றதை நான் கண்ணால் கண்டவன். நெஞ்சு கொதிக்கும், ஆனால் கந்தோர்க் கோப்பில் வேறு மாதிரி எழுத முடியாது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது ‘பிள்ளைகள்’. ஆண் பெண் பார்ப்பதில்லை, வயதில் மூத்தவர் முதல். உங்கள் அப்பா திருத்தம் வந்த பிறகுதான் காலமானார்.

அப்புறம் அந்தக் கடிதம். சமாதான நீதவானுக்கு முன்னால் எழுதுவது குற்றமில்லை. ஆனால் பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே அது பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாத கடிதம் வெறும் தாள்தான். பிரதேச செயலகத்தில் உங்கள் பெர்மிட்டின் பதிவேட்டுப் பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள். காட்டாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதி கேட்டு விண்ணப்பம் போடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பின்னுரித்துக் கோரிக்கையையும் எழுத்திலேயே கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஒருநாளும் திரும்பி வராதீர்கள்.

சம்மாந்துறையான்:
எங்கள் வாப்பாவின் பெர்மிட் வயலிலும் இதே இழுபறி. ஷரீஆப்படி பங்கு போட முடியாதா?

ஓய்வுபெற்ற கந்தோர்க்காரர்:
முடியாது தம்பி. உறுதிக் காணி என்றால் அந்தப் பங்கு செல்லும். பெர்மிட் காணிக்கு இந்தக் கட்டளைச் சட்டம் மட்டும்தான்.

வளவுக்காரி, மத்தியமுகாம்:
ஐயா, உங்கள் பதிலை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். நாளைக்கே எழுத்தில் கொடுக்கிறோம். ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. மூத்தவள் என்பதற்காக எல்லாம் எனக்கு வந்தால் தங்கச்சி வெறுங்கையோடு நிற்பாள். அப்பாவைக் கடைசி வரை தூக்கிக் கழுவியவள் அவள்தான், இன்னும் கலியாணமும் முடியவில்லை. காணி என் பெயருக்கு வந்தால் அவளைப் பின்னுரித்தாளராகப் போடலாமா?

ஓய்வுபெற்ற கந்தோர்க்காரர்:
போடலாம் மகள். சகோதரங்களும் அந்த அட்டவணையில் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குப் பிறகு உங்கள் கணவர் உயிரோடு இருந்தால், அவருடைய காலம் வரை காணி அவரிடம் இருக்கும், அதன் பிறகே தங்கச்சிக்குப் போகும். மூத்தவர் ஒருவருக்கே எல்லாம் என்பதைச் சட்டம் இன்னும் விடவில்லை, எனக்கும் அது வேதனைதான். வயலில் ஒரு பகுதியை இப்போதே அவளுக்குப் பிரிக்க ஆசையென்றால், எவ்வளவுக்குக் கீழே பிரிக்க முடியாது என்று காணி உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். தம்பி வழக்குக்குப் போனால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள், வசதி குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும். பெர்மிட், அப்பா அம்மா இருவரின் மரணச் சான்றிதழ், பிள்ளைகள் மூவரின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.