கலர் மட்டும் மேடம் சொல்லுங்க

குழு: காங்கயம் வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை

திலகா, மாலை 6:12
லோடு வண்டி பார்க்கப் போயிருந்தோம், திருப்பூரில்தான். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஜிஎஸ்டி என் பேரில், வண்டிக்கடனும் என் பேரில். தைக்க வெட்டிய துணி, கட்டிங் பீஸ் மூட்டை எத்தனை கிலோ தாங்கும், மழையில் பின்பக்கம் தண்ணீர் இறங்குமா என்று கேட்டதெல்லாம் நான். ஷோரூம்காரர் பதில் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து. என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "கலர் மட்டும் மேடம் சொல்லுங்க."

செந்தில், 6:15
நான் மூன்று தடவை சொன்னேன், வண்டி அவங்களுக்குத்தான், நான் பள்ளிக்கூட வாத்தியார் என்று. தலையாட்டிவிட்டு மறுபடியும் என்னிடமே மைலேஜ் சொன்னார். கொட்டேஷனைப் பாருங்கள்.
[படம்]

சிந்து, 6:16
"திரு. செந்தில்குமார்" என்று போட்டிருக்கிறார்களே! அக்கா ஜிஎஸ்டி சான்றிதழைக் கையில் கொடுத்தும்கூடவா?

திலகா, 6:17
கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவே இல்லை.

சித்தப்பா, 6:24
விடு அம்மிணி. மனசில் எதையும் வைத்துக்கொண்டு செய்திருக்க மாட்டான். வண்டி என்றால் ஆம்பளை பார்க்கிற சமாசாரம் என்று பழகிவிட்டது.

ராசாத்தி அத்தை, 6:31
கோயம்புத்தூரில் கிரைண்டர் வாங்கும்போது எனக்கும் இதேதான். கல் எவ்வளவு நேரத்தில் சூடாகும், சூடானால் மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்று நான் கேட்கிறேன். கடைக்காரர் உங்கள் மாமாவிடம் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறார். மாமா அந்த கிரைண்டர் ஸ்விட்சை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. ஆட்டுவது நான், கேட்கப்படுவது அவர்.

கார்த்தி, 6:38
சித்தப்பா, நம் தோட்டத்தில் நிற்கிற மாசி பெர்குசன் டிராக்டரைச் செய்வது சென்னை டாஃபே கம்பெனி. அதை நடத்துவது மல்லிகா சீனிவாசன். அப்பா சிவசைலத்தின் கம்பெனிக்குள் 1986-இல் வந்தவர். டிராக்டரை விடவா ஆம்பளை சமாசாரம் இருக்கிறது?

சித்தப்பா, 6:41
அவர்களெல்லாம் பெரிய இடம் தம்பி. நமக்கு ஒத்து வருமா?

கார்த்தி, 6:47
பெரிய இடத்திலும் எல்லா மகளுக்கும் கதவு திறக்கவில்லை. முருகப்பா குழுமத்தில் வள்ளி அருணாசலத்தின் அப்பா 2017-இல் இறந்தார். அவருக்கு இரண்டும் பெண்கள். வள்ளி அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். குடும்பத்தின் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டார். 2020-இல் ஓட்டுக்கு விட்டுத் தோற்கடித்தார்கள். 2023-இல்தான் சமரசம் ஆனது. பங்கு இருந்தது, படிப்பு இருந்தது, நாற்காலி மட்டும் இல்லை.

திலகா, 6:55
எங்கள் தையல் யூனிட்டில் 24 மெஷின். எட்டு வருஷமாக நடத்துகிறேன். இன்றைக்கும் புது பார்ட்டி போன் செய்தால் முதல் கேள்வி, "சார் இருக்காங்களா?" நான்தான் ஓனர் என்று சொன்னால் ஒரு விநாடி சத்தமே வராது. அப்புறம் "ரேட் யார் பேசுவாங்க?" என்பார்கள். பீஸ் ரேட்டைப் பைசா கணக்கில் போடுகிறவளே நான்தான்.

திலகா, 6:58
இன்னொன்றும் சொல்கிறேன், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கைமடிக்கு, அதாவது டெய்லருக்கு உதவியாளாக வந்து இப்போது பேட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பெண் ஒருத்தி, தன் சம்பளத்தில் தவணைக்கு ஸ்கூட்டர் எடுக்கப் போனாள். முன்பணம் கையில், சம்பளச் சீட்டு பையில். "வீட்டில் ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துக்குச் சோறு போடுகிறவள், அன்றைக்கு அழுதுகொண்டேதான் மெஷினில் உட்கார்ந்தாள்.

கார்த்தி, 7:01
இன்றைக்கு மருந்து செய்கிற பயோகான் கம்பெனியை கிரண் மஜும்தார் ஷா 1978-இல் பெங்களூரில் தொடங்கும்போது அவருக்கு வயது 25. கடன் கேட்டால் அப்பாவை ஜாமீனுக்குக் கூப்பிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து அதே பேச்சு.

சிந்து, 7:09
அப்பா, ஒன்று கேட்கட்டுங்களா? கோபப்படக் கூடாது. களத்தில் கொப்பரை ஈரம் பார்ப்பது, லோடு கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் ஆறு வருஷமாக நான் பார்க்கிறேன். நம் கொப்பரை வியாபாரத்தின் பெயர் போர்டில் "அண்ட் சன்ஸ்" என்று இருக்கிறது. பார்ட்னர்ஷிப்பில் தம்பி பேர் இருக்கிறது, அவன் பெங்களூரில் இருக்கிறான். என் பேர் எதிலும் இல்லை.

ராசாத்தி அத்தை, 7:10
கண்ணு, சரியான கேள்வி.

சித்தப்பா, இரவு 9:46
அந்த போர்டு எங்கள் அப்பா மாட்டியது. இத்தனை நாள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. உன் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை சாமி. வெளியூர் வியாபாரிகள் ஒரு பெண்ணிடம் விலை பேசுவார்களா என்றுதான் யோசனை.

சிந்து, 9:48
பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் அப்பா. உங்கள் நம்பருக்கு வருகிற மெசேஜுக்கெல்லாம் பதில் போடுவது நான்தானே. நீங்கள் என்று நினைத்துத்தான் அவர்கள் விலையை ஒத்துக்கொள்கிறார்கள்.

செந்தில், 9:50
சிந்து சொல்வது நியாயம்தானுங்க மாமா.

சித்தப்பா, 10:05
கார்த்தி, பேர் சேர்க்க என்ன வேண்டும்?

கார்த்தி, 10:08
ஒப்பந்தப் பத்திரத்தைத் திருத்தி எழுத வேண்டும், தம்பியும் கையெழுத்துப் போடணும். அப்புறம் ஜிஎஸ்டியில் 15 நாளுக்குள் மாற்றணும், பேங்கில் கையெழுத்து அதிகாரம் தரணும். ஆடிட்டரிடம் நானே பேசுகிறேன்.

திலகா, 10:10
சிந்து, செவ்வாய்க்கிழமை வேறு ஷோரூம் போகிறேன். நீ கூட வா. அவர் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும்.

சிந்து, 10:11
வரேன் அக்கா.

சித்தப்பா, 10:14
சிந்து, காலையில் ஏழு மணிக்கு வெள்ளகோவில்காரர் கொப்பரை விலைக்குக் கூப்பிடுவார். போன் மேஜையில் இருக்கும். நீயே எடு. உன் பேரைச் சொல்லிப் பேசு.