தரம்பார்த்தலில் காற்று செய்யும் வேலை: உறுப்பினர் அனுபவங்கள்

கல்லூரி ஆய்வகத்திலிருந்து

பருமனறி பகுப்பாய்வுச் செய்முறை வகுப்பை நடத்துபவள் என்ற முறையில், ஆண்டுதோறும் தவறாமல் எழும் குழப்பம் ஒன்றைப் பகிர்கிறேன். தயாரித்துச் சில நாள்கள் ஆன சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் தரம்பார்க்கும்போது (ஒன்றோடொன்று அளந்து சேர்த்துச் செறிவைக் கண்டறியும்போது), நிறம் மாறி முடிவைக் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு பயன்படுத்தும் மாணவர்களுக்குப் பழைய செறிவே கிடைக்க, பினால்ப்தலீன் பயன்படுத்துவோருக்கு அது சற்றுக் குறைந்து வருகிறது. உடனே பியூரெட்டின் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயின்) மீது பழி விழும். பாவம், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மூடி சரியாகப் பொருந்தாத புட்டிக்குள் புகுந்த கார்பன் டை ஆக்சைடு, இரண்டு மூலக்கூறு ஹைட்ராக்சைடைச் செலவழித்து ஒரு மூலக்கூறு கார்பனேட்டை உருவாக்கியிருக்கிறது. ஏறத்தாழ பிஎச் 8.3 அளவில் முடிவுநிலையைக் காட்டும் பினால்ப்தலீன், அந்தக் கார்பனேட் பைகார்பனேட்டாக மாறியதுமே நிறமிழந்துவிடுகிறது, 3.1 முதல் 4.4 வரை நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சோ கார்பனேட் முழுவதும் வினைபுரியும் வரை காத்திருப்பதால் இழப்பு கண்ணில் படுவதில்லை.

அப்படியென்றால் மெத்தில் ஆரஞ்சையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இதே காரத்தால் வினிகரையும் தரம்பார்க்க வேண்டியிருக்கிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்) 4.76; அதன் சமானப் புள்ளி (அமிலமும் காரமும் சரிக்குச் சரி வினைபுரிந்து முடியும் நிலை) காரப் பகுதியில் அமைவதால், அங்கே மெத்தில் ஆரஞ்சு உதவாது. எனவே கார்பனேட் இல்லாத காரத்தைத் தயாரிப்பதே வழி. ஏறத்தாழ 50 சதவீதச் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடில் சோடியம் கார்பனேட் கரையாமல் அடியில் தங்கிவிடும். தெளிந்த மேற்பகுதியை எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய காய்ச்சி வடித்த நீரில் நீர்த்துப் பாலித்தீன் புட்டியில் சேமிக்கிறோம்.

நீர்ப் பரிசோதனையிலிருந்து

எங்கள் பணியில் இதே வாயு எதிர்த்திசையில் விளையாடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, மாதிரி ஆய்வகம் வந்து சேர்வதற்குள் வெளியேறத் தொடங்குவதால், கிணற்றடியில் அளந்த பிஎச்சைவிட ஆய்வக அளவு கூடுதலாக இருக்கிறது. இரண்டில் ஒன்று பிழை என்று வாதிடுபவர்களிடம், 0.02 நார்மல் கந்தக அமிலத்தால் பிஎச் 4.5 வரை தரம்பார்த்த மொத்தக் காரத்தன்மையை ஒப்பிடச் சொல்வேன். சுண்ணாம்பு வீழ்படிவாகாத வரையில் அந்த எண் மாறாது. வாயு வெளியேறுவதால் பைகார்பனேட்டின் அமில ஏற்புத்திறன் குறைவதில்லை. தரம்பார்க்கும்போது பிஎச்மானியைக் கவனித்தால் தாங்கல் செயல்பாடும் நேரடியாகப் புலப்படும்: 6.35க்கு அருகில், அதாவது கார்பானிக் அமிலத்தின் முதல் பிகேஏயை ஒட்டி, அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போனாலும் எண் அசைய மறுக்கும். 5ஐத் தாண்டியதும் மளமளவென்று சரியும்.

கருவி அளவுத்திருத்தம் பற்றி

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிஎச்மானியை அளவுத்திருத்தம் செய்ய உதவும் பிஎச் 10.01 தாங்கல் கரைசலைத் திறந்த முகவையில் நாள் முழுவதும் வைத்தால், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்று மெல்லத் தாழ்கிறது. அதைக்கொண்டு அளவுத்திருத்தம் செய்த பிஎச்மானி, கார மாதிரிகளை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். அமிலப் பகுதியில் உள்ள 4.01 தாலேட் கரைசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே 10.01 கரைசலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றி, பயன்படுத்தியதைப் புட்டிக்குத் திருப்பாமல் கொட்டிவிடுகிறோம்.