மறு: தரைமேல் நீச்சல் தொட்டி – ‘லைனர்’, ‘கோவ்’ இரண்டுக்கும் தமிழ்

வணக்கம்.

தரைமேல் நீச்சல் தொட்டியின் உட்புறம் தண்ணீர் கசியாமல் போடுகிற ‘லைனர்’ ஷீட்டுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை உள்விரிப்பு, உட்படலம், உள்ளுறை, நீர்த்தடுப்புத் தாள் என்று நாலு சொற்கள் வந்துவிட்டன. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பொருள் தொட்டிக்குள் என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பக்கம் விருந்தினர் விடுதிகளில் நீச்சல் தொட்டி பராமரிப்பது என் பிழைப்பு. ஒரு சொல்லைச் சொன்னதும் என்னோடு வேலைக்கு வரும் பையன் சரியான இடத்தில் கையை வைக்கிறானா என்பதுதான் எனக்குக் கணக்கு.

முதலில் தலைப்புச் சொல், அதாவது பள்ளம் தோண்டாமல் தரைக்கு மேலேயே நிறுத்துகிற தொட்டிக்குப் பெயர். ‘மேல்நிலை நீச்சல் தொட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் ஐயா. ஊராட்சிக்கு ஊராட்சி நாலு தூணில் நிற்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ‘தரைமட்டத் தொட்டி’யும் குடிநீர்க்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பெயர். தரைமேல் தொட்டி என்றால் போதும். (மொட்டை மாடியில் வைக்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. வீட்டு மொட்டை மாடித் தளத்துக்கு நம் கட்டடத் தரவிதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை அதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.)

சரி, லைனருக்கு வருவோம். சந்தையில் ‘லைனர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் ஓடுகின்றன, இழையில் குழப்பம் வந்ததும் அதனால்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுப் பின்கட்டில் வைக்கிற தொட்டிக்குச் சுற்றிலும் தகரச் சுவர், கீழே கெட்டித்த மணல் தரை, அதன்மேல் மெல்லிய வினைல் ஷீட். தண்ணீரின் தள்ளலைச் சுவர் தாங்குகிறது, பாரத்தைத் தரை தாங்குகிறது. நாலரை மீட்டர் வட்டத் தொட்டியில் 1.1 மீட்டர் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 17,500 லிட்டர், அதாவது பதினேழரை டன். அதில் ஒரு கிலோவைக்கூட ஷீட் சுமப்பதில்லை. தண்ணீர் வெளியே போகாமல் மறைப்பது மட்டும்தான் அதன் வேலை. நம் ஊரில் அதிகம் விற்கிற குழாய்ச் சட்டத் தொட்டி வேறு சாதி. அதற்குத் தனிச் சுவர் கிடையாது. நடுவில் நூல்வலை வைத்து ஒட்டிய தடித்த பிவிசி துணியே சுவரும் ஆகிறது, தரையும் ஆகிறது.

பெயரைப் பிரிக்காவிட்டால் பழுது பார்ப்பதும் தப்பாகப் போகும். முதல் வகையில் ஓட்டை விழுந்தால் ஒட்டு போட்டால் போதும், ஏனென்றால் தண்ணீரே அந்த ஒட்டைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வகையில் பக்கவாட்டில், குழாய் நுழைகிற மடிப்பின் பக்கம் தையல் விட்டால் அங்கே முழு இழுவிசையும் துணிமேல் இருக்கும், ஒட்டு நிற்காது. ஆளை உள்ளே இறக்காமல் முதலில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பையன்கள் இதைத் ‘துணி’ என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே தொட்டித்துணி என்று வைத்துவிடலாம்.

அப்போது தகரத் தொட்டியின் ஷீட்டுக்கு என்ன பெயர்?

இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘உள்ளுறை என்றால் பொருளடக்கம் என்ற பொருளும் உண்டே’

அது பெரிய தடையில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். எனக்கு இடிப்பது ‘உறை’தான். இந்தக் கடலோரத்தில் மணல் சரிகிறதென்று கிணற்றுக்கு சிமென்ட் உறை இறக்காதவர் யார்? கீழடியில் கிடைத்ததையும் உறைகிணறு என்றுதான் சொல்கிறோம். அந்த உறை மண்ணைத் தாங்கி நிற்பது. எதையும் தாங்காத ஒரு ஷீட்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் ‘உறை இருக்கிறதே, தரை கொஞ்சம் பள்ளமாக இருந்தால் என்ன’ என்று ஆள் நினைத்துவிடுவான். ‘விரிப்பு’ தரையோடு நின்றுவிடுகிறது, ‘படலம்’ கண்ணில் வருகிற நோய்.

என் பரிந்துரை: உட்பாய். தார்ப்பாய் எல்லாருக்கும் தெரியும். பாய் என்றால் தரையில் விரிப்பது மட்டும்தானே என்பீர்கள். பாய்மரத்தில் தொங்குவதும் பாய்தான். இந்த ஷீட்டும் சுவரின் மேல்விளிம்பில் மாட்டித் தொங்கவிடுவதுதான்.

அடுத்தது ‘கோவ்’. இதற்குச் சொல் தேடுவது லைனரைவிட அவசரம், ஏனென்றால் வேலையில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். சுவரும் தரையும் சேரும் மூலையில் அரையடி அளவுக்கு மணலைச் சரிவாக வைத்துச் சுற்றிலும் தட்டி இறுக்க வேண்டும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரடியில் கொத்தனார் கலவையைச் சரித்து உருட்டி விடுவாரே, அந்த இடம். அது இல்லையென்றால் தண்ணீரின் பாரம் பாயைச் சுவருக்கு அடியில் வெளியே பிதுக்கும், கடைசியில் அங்கேதான் கிழியும். கரும்புக்கும் வாழைக்கும் தூரில் மண் அணைக்கிறோம் இல்லையா, அதே வினை. மணல் அணைப்பு என்று சொல்லிப் பார்த்தேன், விளக்கமே தேவைப்படவில்லை.

தரைக் கோளாறுகளுக்கு நான் புதிதாக எதையும் கட்டவில்லை. பாயில் ஓட்டை விழுந்து அடி மணல் கரைந்து பொந்தாகிவிடுவது அடியரிப்பு. கடல் அரிப்பைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்கு ஒட்டு மட்டும் போட்டால் பள்ளம் அப்படியே இருக்கும். தண்ணீரை இறக்கி, பாயை அந்தப் பக்கம் சுருட்டி, மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். எந்த மணல் என்பதும் முக்கியம். எம் சாண்டில் முனை கூர்மை, கடற்கரை மணலில் கிளிஞ்சல் துண்டு, இரண்டும் பாயைக் குத்தும். சலித்த ஆற்றுமணல்தான் சரி, மேலே ஒரு நார்விரிப்பு (ஜியோடெக்ஸ்டைல் துணி) போட்டால் இன்னும் நல்லது. அப்புறம் கோரை. மேலே செதுக்கினால் போதாது, கிழங்கைத் தோண்டி எடுக்காமல் மணல் போட்டால் ஊசிபோல முளை கிளம்பிப் பாயைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நிற்கும். கையால் தடவினால் முள் தட்டுப்படுகிற மாதிரி இருக்கும், பிடுங்கினால் ஓட்டை.

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிப் பாயைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதை என்ன சொல்வது? இறால் குட்டைக்காரர்கள் ‘ஷீட்டு எழும்பிடுச்சு’ என்கிறார்கள், பாயெழுச்சி என்று எழுதலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு தாழ்வான இடத்துத் தொட்டிகளில் இதைத்தான் பார்த்தோம். அப்போது தொட்டியைக் காலி செய்யவே கூடாது. உள்ளே இருக்கிற தண்ணீர்தான் பாயைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் குழி வெட்டி மோட்டார் வைத்து வெளி நீர்மட்டத்தை இறக்கினால் பாய் தானாக உட்காரும். சுருக்கம் மிஞ்சினால் வெறுங்காலால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவரலாம்.

ஒட்டு பற்றி ஒரே வரி: சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷனும் வேண்டாம், பைப் ஒட்டுகிற சொல்யூஷனும் வேண்டாம். முதலாவது வினைலில் பிடிக்காது, இரண்டாவது விறைத்துப்போய் மடியும் இடத்தில் வெடிக்கும். வினைலுக்கென்றே தண்ணீருக்குள் ஒட்டுகிற பசை வருகிறது. ஒட்டை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கிருந்து உரியும்.

புதுச்சேரியிலிருந்து.

–––

அன்புள்ள புதுச்சேரி நண்பருக்கு,

கடலூரிலிருந்து எழுதுகிறேன். மணல் அணைப்புக்கு என் ஓட்டு. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரன் நான், அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உட்பாய் மட்டும் நெருடுகிறது. ‘தண்ணீர் உட்பாயும் இடம்’ என்று அடுத்த வரியில் வந்தால் எது பாய், எது பாய்தல்? அணைச் செய்தியில் ‘நீர்வரத்து’ என்றுதான் போடுகிறார்கள், உட்பாய்வு என்று யாரும் எழுதுவதில்லை என்பீர்கள். ஆனாலும் வாசிக்கும்போது கண் ஒரு நொடி தடுக்குகிறது. தொட்டிப்பாய் என்று வைத்தால் என்ன? பண்ணைக்குட்டையில் போடுகிற கருப்பு ஷீட்டையும் குட்டைப்பாய் என்று சொல்லிக்கொள்ளலாம், எங்களுக்கும் ஒரு பெயர் கிடைக்கும்.

இன்னொன்று. வெளிநாட்டுக் கையேட்டில் 20 மில், 30 மில் என்று தடிமன் போட்டிருப்பதை இங்கே ‘மில்லி’ என்று படித்து இருபது மில்லிமீட்டர் ஷீட் கேட்கிறார்கள். கடைக்காரர் சிரிக்கிறார். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பண்ணைக்குட்டைக்கு நாங்கள் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) என்று கேட்டு வாங்குவது ஏறத்தாழ அந்த 20 மில்தான். சொற்பட்டியலில் மில்லுக்குத் தமிழ் தேடாமல் மைக்ரானாக மாற்றிப் போட்டுவிடுங்கள், 30 மில் என்றால் 760.

–––

தொட்டிப்பாய், ஒப்புக்கொள்கிறேன். உட்பாயை எடுத்துவிட்டேன். மைக்ரானும் சரி.

கசிவா, ஆவியா என்று பார்க்கிற வாளிச் சோதனை விட்டுப்போயிற்று, அதையும் சேர்க்கிறேன். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு உள்படியில் பாதி மூழ்க வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் கோடு போட்டு ஒரு நாள் விட வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. தொட்டி மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. இதற்குப் புதுச்சொல் ஒன்றும் வேண்டாம், வாளிச் சோதனையே இருக்கட்டும். தண்ணீர்மேல் மிதக்கிற குப்பையை வாருகிற ஸ்கிம்மருக்கு ‘ஆடைவாரி’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார், எனக்குப் பிடித்திருக்கிறது. பால் ஆடை நினைவுக்கு வருகிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். அதைத் தனி இழையில் பேசலாம்.