மைக்ரோடிப் பென்சிலுக்கு எச்.பி. லெட்டா, 2எச் லெட்டா? வரைபடத் தாளுக்கு எது ஏற்றது?

கேள்வி (முதலாண்டு மாணவன்)

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் ஏ2 தாளில், பலகையில் பொருத்தி நகர்த்தும் அளவுகோல் கருவியான மினி டிராஃப்டரை வைத்து வரைகிறோம். மரப் பென்சிலை அடிக்கடி சீவிக்கொண்டிருக்க நேரம் போதவில்லை என்பதால் 0.5 மி.மீ. மைக்ரோடிப் பென்சில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் எதுவும் கேட்காமலேயே எச்.பி. லெட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கோடு நன்றாகக் கருமையாக விழுகிறது. ஆனால் தாளை முடிப்பதற்குள் டிராஃப்டர் போய் வந்த இடமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது.

துணைக்கோடுகளை, அதாவது படத்தை அமைக்க உதவும் மெல்லிய கோடுகளை, எச்.பி.யைவிடக் கடினமான 2எச்சில் போடுமாறு ஆசிரியர் சொன்னதால் அதே பென்சிலில் 2எச் லெட் போட்டுப் பார்த்தேன். அழுக்கு குறைந்தது. ஆனால் கோடு மங்கலாக இருக்கிறதே என்று என்னை அறியாமல் கை அழுத்திவிடுகிறது. சென்ற வாரம் அறுகோணப் பட்டகத்தின் முன்தோற்றத்தில் ஒரு கோடு தவறிப்போய் அழித்தபோது, கரி போய்விட்டது, கீறல் மட்டும் தாளில் பள்ளமாக நின்றுவிட்டது. கணக்குக் குறிப்புகளையும் இதே பென்சிலில்தான் எழுதுகிறேன். மென்மையான லெட் வாங்குவதா, கடினமானதா? இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டா?

பதில் 1 (மூன்றாமாண்டு மாணவி)

நான் முதலாண்டு முழுவதும் எச் லெட் ஒன்றையே வைத்து முடித்தேன். 2எச் அளவுக்குக் கீறாது, எச்.பி. அளவுக்குப் பூசாது. வெளிக்கோட்டை மட்டும் இரண்டு முறை ஓட்டினால் போதும். கடையில் எச் இல்லையென்றால் எஃப் கேட்டுப் பாருங்கள். அது எச்சுக்கும் எச்.பி.க்கும் நடுவில் வரும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன்)

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலகையில் நின்று வரைந்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் சொன்னது தவறில்லை. ஆனால் துணைக்கோட்டுக்கு 2எச், வெளிக்கோட்டுக்கு எச்.பி. என்பது மரப் பென்சிலுக்காக உண்டான வழக்கம். மரப் பென்சிலில் மென்மையான முனை நான்கு கோடு இழுப்பதற்குள் மழுங்கிக் கோடு தடித்துவிடும். கடினமான முனை கூர்மையை நெடுநேரம் தாங்கும். ஆகவே மெல்லிய கோடு வேண்டுமென்றால் கடினமான பென்சிலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மைக்ரோடிப்பில் அந்த வேலையை லெட்டின் விட்டமே செய்துவிடுகிறது. எனவே நீங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது கோட்டின் தடிமனை. கடினம் அதற்கு அடுத்ததுதான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பள்ளி, கல்லூரி வரைபடங்களுக்காக வெளியிட்டுள்ள எஸ்.பி. 46 நூலைப் பார்த்தீர்களானால், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே குறைந்தது இரண்டுக்கு ஒன்று என்ற தடிமன் விகிதம் இருக்க வேண்டும் என்பது விளங்கும். வேறுபாடு தடிமனில் இருக்க வேண்டுமே ஒழிய, ஒன்று கருப்பு, மற்றொன்று சாம்பல் என்று இருப்பது போதாது. நீங்களோ ஒரே 0.5 பென்சிலை வைத்துக்கொண்டு லெட்டை மட்டும் மாற்றுகிறீர்கள்; இரண்டு கோடும் ஒரே அகலத்தில் விழுவதால், வேறுபாடு காட்டக் கை தானாகவே அழுத்தத் தொடங்குகிறது. பள்ளம் விழுவதற்குக் காரணம் 2எச் மட்டுமன்று, அந்த அழுத்தமும்தான்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசமாகும். ஈரக்காற்றில் தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். நல்ல வெயில் காலத்தில் வழுக்கிக்கொண்டு போன அதே 2எச் அப்போது உழுதுகொண்டு போகும். அழித்த இடத்தை ஒரு முறை சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பள்ளத்தின் இரு கரையிலும் ஒளி விழுந்து கோடு அப்படியே தெரியும். பிறகு அதன் மேல் கை பட்டால், சுற்றியிருக்கும் கரித்தூள் அந்தப் பள்ளத்தில் போய் அடைந்து, அழித்த கோடு மறுபடியும் எழுந்து வந்துவிடும். ரப்பரால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

நாங்கள் டிரேசிங் தாளில் வரைந்து, அதனூடே ஒளி பாய்ச்சி அம்மோனியா பிரிண்ட் என்ற நகல் எடுத்த காலத்தில் வேறு கட்டாயம் இருந்தது. ஒளி கோட்டினூடே புகுந்துவிட்டால் பிரிண்டில் அந்தக் கோடு வெளுத்துப்போகும். ஆகவே கோடு ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும், அதே சமயம் கை பட்டு இழுபடவும் கூடாது. எச்சும் எஃப்பும்தான் எங்கள் கைக்கு ஒத்துவந்தன. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் யோசனை இதுதான்: மெல்லிய கோடுகளுக்கு 0.3 பென்சிலில் எச் லெட்; வெளிக்கோட்டுக்கு 0.7 பென்சிலில் எச்.பி. லெட். முழுப் படத்தையும் எச்சில் அழுத்தாமல் போட்டு முடித்துவிட்டு, எச்.பி.யைக் கடைசியில், தாளின் மேலிருந்து கீழாக, ஒரே மூச்சில் ஓட்டுங்கள். கோடு இழுக்கும்போது பென்சிலை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிக்கொண்டே போனால் லெட் ஒரு பக்கமாகத் தேயாது. சாம்பல் பூப்பதற்குப் பாதிக் காரணம் டிராஃப்டர் அளவுகோலின் அடிப்பக்கம். அதை ஒவ்வொரு தாளுக்கும் முன்பு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய வையுங்கள். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும்.

பதில் 3 (கணித ஆசிரியை)

ஐயா சொன்னது வரைபடத்துக்கு முற்றிலும் சரி. குறிப்பெழுதுவதைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். நான் இடக்கைக்காரி. எழுதிய வரியின் மேலேயே என் கை நகர்ந்து போவதால் எச்.பி.யைவிட மென்மையான 2பி எனக்கு ஆகவே ஆகாது. விரலோரம் முழுக்கக் கரியாகிவிடும். வலக்கையால் எழுதுபவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. மணிக்கணக்கில் எழுதுகிறவர்கள் பி வரை இறங்கலாம், ஏனென்றால் அழுத்தாமலே கருப்பாக விழும், விரல் வலிக்காது. கடின லெட்டில் எழுதிய குறிப்பைக் கைபேசியில் படமெடுத்தோ செராக்ஸ் எடுத்தோ நண்பர்களுக்குக் கொடுத்தால் பாதி எழுத்து தெரியாது.

இன்னொன்று. மரப் பென்சிலின் கரி, 1795ஆம் ஆண்டு பிரான்சில் கோன்டே காப்புரிமை பெற்ற முறையில் கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. மைக்ரோடிப் லெட்டில் களிமண்ணுக்குப் பதிலாகப் பாலிமர் பிசின் சேர்க்கப்படுகிறது. அதனால் மரப் பென்சிலில் பழகிய எச்.பி.யை மனத்தில் வைத்துக்கொண்டு லெட் வாங்கினால் கருமை ஒத்துவராமல் போகலாம். நிறுவனத்துக்கு நிறுவனமும் கருமை மாறும். ஆகவே ஒரு நிறுவனத்தின் லெட் கைக்குப் பழகிவிட்டால் ஆண்டு முழுவதும் அதையே வாங்குங்கள்.

மறுமொழி (கேள்வி கேட்ட மாணவன்)

மிக்க நன்றி ஐயா, நன்றி டீச்சர். 0.3 வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அது தொட்டாலே ஒடிந்துவிடும் என்று விடுதி நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கடினமான லெட் போட்டால் ஒடியாதல்லவா?

பதில் 4 (ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன்)

கடினம் கொஞ்சம் உதவும், ஆனால் விட்டம்தான் பெரிது. வளைத்து ஒடிக்கத் தேவைப்படும் விசை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 0.5 என்று விற்கும் லெட்டின் உண்மை விட்டம் ஏறக்குறைய 0.56 மி.மீ.; 0.7 லெட் ஏறக்குறைய சொன்ன அளவிலேயே இருக்கும். கணக்குப் போட்டால் 0.7 லெட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்குகிறது. 0.3 அந்த அளவுக்குத் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் இன்னொரு அளவு, லெட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். ஒரு மில்லிமீட்டர் நீட்டினால், அரை மில்லிமீட்டர் நீட்டியபோது தாங்கிய விசையில் பாதியிலேயே ஒடிந்துவிடும். 0.3க்கு ஒரே ஒரு கிளிக் போதும். பென்சிலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, அளவுகோலின் ஓரத்தில் லெட் உரசாமல் உலோகக் குழல் உரசும்படி இழுங்கள். அதற்கு நுனிக்குழல் நான்கு மில்லிமீட்டராவது நீண்டிருக்கும் வரைபடப் பென்சிலாகப் பார்த்து வாங்க வேண்டும். எழுதுவதற்கான பென்சில்களில் குழல் குட்டையாகவோ கூம்பாகவோ இருப்பதால் தடித்த அளவுகோலின் ஓரத்தில் அது சரியாக அணையாது.

அப்படியும் அடிக்கடி ஒடிந்தால் 0.3ஐ விட்டுவிட்டு, இப்போது கையில் இருக்கும் 0.5 பென்சிலிலேயே எச் லெட் போட்டு மெல்லிய கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் இரண்டுக்கு ஒன்றை எட்டாது, ஆனால் பள்ளம் விழாது. குறிப்புக்கு 0.7 எச்.பி.யையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பென்சிலின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எது எந்த லெட் என்று எழுதிவையுங்கள். ஒரே குழாய்க்குள் எச்சும் எச்.பி.யும் கலந்துவிட்டால் பிறகு கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.